ரெட்புல் அணி நிர்வாகத்துக்கு: அந்த இரண்டாவது காரைப் பற்றி

மில்டன் கீன்ஸில் இருக்கும் ரெட்புல் ஃபார்முலா 1 அணி நிர்வாகத்தாருக்கு வணக்கம்.

உங்கள் இரண்டாவது காரை ஓட்டிய யூகி சுனோடாவை 2026-இல் ரிசர்வ் (மாற்று) ஓட்டுநராக உட்கார வைத்துவிட்டு, ஐசக் ஹாஜாரை அந்த இடத்துக்குக் கொண்டுவருவதாக 2025 டிசம்பரில் அறிவித்தீர்கள். யாரும் பெரிதாக அதிரவில்லை, பழகிப்போய்விட்டது. 2018 முடிவில் ரிக்கார்டோ கிளம்பிய பிறகு காஸ்லி, ஆல்பன், பெரெஸ், லாசன், சுனோடா என்று ஐந்து பேர் உங்கள் முதல் ஓட்டுநர் வெர்ஸ்டாப்பனுக்குத் துணையாக அந்த இரண்டாவது காரில் உட்கார்ந்து பார்த்துவிட்டார்கள். ஐந்து பேருக்குமா கார் ஓட்டத் தெரியவில்லை? இதில் காஸ்லி, நீங்கள் ஜூனியர் அணிக்கு (ரெட்புல்லின் இன்னொரு சிறிய அணி) திருப்பி அனுப்பிய மறு வருடமே, 2020-இல், மோன்சாவில் பந்தயத்தையே ஜெயித்தார்.

என் கோரிக்கை ஒன்றுதான். இரண்டு பேர், அதாவது உங்கள் இரண்டு ஓட்டுநர்களுமே, நன்றாக ஓட்டக்கூடிய கார் ஒன்றைக் கட்டுங்கள். அதுவரை இரண்டாவது ஆளின் தலையில் பழியைப் போடாதீர்கள்.

2025-இல் ஜப்பானின் சுசுகாவில் நடந்த பந்தயத்தை மட்டும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆஸ்திரேலியா, சீனா என்று இரண்டே வார இறுதிகள் முடிந்ததும் லாசனை இறக்கிவிட்டு சுனோடாவை ஏற்றினீர்கள். லாசன் மெல்போர்னில் தகுதிச் சுற்றில் (தொடக்க வரிசையைத் தீர்மானிக்கும் சுற்று) 18-ஆவது, ஷாங்காயில் கடைசி. பார்க்கவே பாவமாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். அடுத்த பந்தயம் சுனோடாவின் சொந்த நாட்டில். நடப்பு காரை இஷ்டம்போல் ஓட்டிப் பழக விதி இடம் தராது. சிமுலேட்டரில் உட்கார்ந்து பழகிவிட்டு நேராக சுசுகாவின் வளைவுகளுக்குப் போக வேண்டும். வெர்ஸ்டாப்பன் தகுதிச் சுற்றில் முதலிடம் எடுத்தார், பந்தயத்தையும் ஜெயித்தார். அதே நிறத்தில், அதே பெயர் போட்ட இன்னொரு காரில் சுனோடா தகுதிச் சுற்றில் 15-ஆவது, பந்தயத்தில் 12-ஆவது. நீங்கள் இறக்கிவிட்ட லாசன், ஜூனியர் அணியின் காரில், தகுதிச் சுற்றில் சுனோடாவுக்கு ஓரிடம் முன்னால் வந்தார். அதாவது, ஆளை மாற்றினீர்கள், ஆனால் பிரச்சினை அந்த காக்பிட்டை விட்டு நகரவே இல்லை. இதைவிடத் தெளிவான சோதனையை நீங்களே திட்டம் போட்டுச் செய்திருந்தாலும் செய்திருக்க முடியாது. அதைப் பார்த்த பிறகும் நீங்கள் யோசித்தது அடுத்த ஆள் யார் என்றுதான்.

அப்புறம் இமோலாவில் சுனோடா காரை நொறுக்கியபின், புதுப் பாகங்கள் வெர்ஸ்டாப்பனுக்கு முதலில், இவருக்குப் பிறகு என்று ஆனது. பெல்ஜியத்தில் காரின் புது அடிப்பாகம் கைக்கு வந்ததும் தகுதிச் சுற்றில் 7-ஆவது வந்தார். மொனாக்கோ முதல் ஹங்கேரி வரை ஏழு பந்தயங்களில் ஒரு புள்ளிகூட இல்லை என்று எல்லோரும் எழுதினார்கள். எந்தப் பந்தயத்தில் எந்தப் பாகத்தோடு ஓடினார் என்று எத்தனை பேர் எழுதினார்கள்?

உங்கள் தரப்பு வாதமும் தெரியும். வேகமானவர் கேட்கிறபடி காரை வளர்க்கிறோம், அதில் தவறென்ன? மூக்கு கூர்மையாகத் திரும்ப வேண்டும், பின்பக்கம் அலைந்தாலும் பரவாயில்லை என்பது வெர்ஸ்டாப்பனின் ருசி. சரி. ஆனால் ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை இன்னொருவருக்கு மாட்டிவிட்டு, உன் உடம்புதான் சரியில்லை என்று சொல்வது நியாயமா?

ஆதிக்கம், ஆதிக்கம் என்று 2023-ஐப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். 22 பந்தயங்களில் உங்களுக்கு 21 வெற்றி. சிங்கப்பூரில் மட்டும் ஃபெராரியின் சாய்ன்ஸ் தட்டிக்கொண்டு போனார். அந்த வருடத்தின் சிறந்த கார் உங்கள் ஆர்பி19 என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த 21-இல் 19 வெர்ஸ்டாப்பனுடையது. அவரது 575 புள்ளிகள் மட்டுமே, இரண்டு கார் ஓட்டிய மெர்சிடஸின் 409-ஐத் தாண்டிவிட்டன. பெரெஸ் 285-உடன் இரண்டாம் இடம் பிடித்தார், ஆனால் நடுவில் மொனாக்கோ தொடங்கி தொடர்ந்து ஐந்து தகுதிச் சுற்றுகளில் முதல் பத்துக்குள்ளேயே வரவில்லை. ஆதிக்கம் செலுத்திய காரிலா? 1988-இல் மெக்லாரன் 16-இல் 15 ஜெயித்தது: சென்னா எட்டு, புரோஸ்ட் ஏழு. 2025 மெக்லாரனில் நாரிஸ் ஏழு, பியாஸ்ட்ரி ஏழு. கார் ஆதிக்கம் என்றால் அதுதான். உங்களுடையது பாதி கார், பாதி அந்த மனிதர்.

அதற்கான விலையையும் நீங்களே கட்டுகிறீர்கள். 2024-இல் வெர்ஸ்டாப்பன் சாம்பியன், அணியோ மெக்லாரனுக்கும் ஃபெராரிக்கும் பின்னால் மூன்றாவது. மெக்லாரன் 666, நீங்கள் 589. பெரெஸின் பங்கு 152. இரண்டு வருட ஒப்பந்தத்தை ஜூனில் போட்டுவிட்டு டிசம்பரில் அவரை வழியனுப்பினீர்கள். 2025-இல் உங்கள் 451 புள்ளிகளில் 421 ஒருவருடையது. அணித் தலைவர் ஹார்னர் போனார், அவர் இடத்துக்கு மெக்கீஸ் வந்தார், கணக்கு மட்டும் மாறவில்லை.

ஓட்டுநரை அவர் உட்கார்ந்திருக்கும் காரை வைத்து எடைபோடும் பழக்கம் உங்கள் அணிக்குப் புதிதல்ல. 2012 மலேசியாவில் எங்கள் நரேன் கார்த்திகேயனின் எச்ஆர்டி அணிக் காரோடு மோதிய அன்றைய உங்கள் ஓட்டுநர் வெட்டல், அவரை வெள்ளரிக்காய் என்றார். தொடக்க வரிசையின் கடைசியில் தத்தளித்த அந்தக் காரை வெட்டல் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்திருந்தால் எந்தக் காய்கறி ஆகியிருப்பாரோ தெரியாது. மன்னிக்கவும், கோபம் எங்கோ போய்விட்டது. விஷயத்துக்கு வருகிறேன்.

ஹாஜார் நல்ல ஓட்டுநர். ஜூனியர் அணியில் முதல் வருடத்திலேயே நெதர்லாந்தின் ஸான்ட்வூர்ட்டில் முதல் மூவரில் ஒருவராக மேடையேறியவர். 2026-இல் விதிகள் மொத்தமாக மாறுகின்றன, உங்கள் எஞ்சினும் புதிது. காரை முதல் திருகிலிருந்து யோசிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. எனவே பணிவாக மறுபடியும் கேட்கிறேன்: இரண்டு பேர் ஓட்டக்கூடிய காரைக் கட்டுங்கள். புதுப் பாகம் வந்தால் இரண்டு பேருக்கும் அதே வாரம் கொடுங்கள்; ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஹாஜாருக்கு ஒரு முழு சீசனாவது கொடுங்கள், இரண்டாவது பந்தயம் முடிந்ததும் கூட்டம் போடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டாவது காரையும் பார்க்கும் ஒரு ரசிகன்