பதிலீடு இல்லாமல் எங்கள் கணித ஆசிரியரை விடுவித்தவர்களுக்கு

மதிப்புக்குரிய கல்விப் பணிப்பாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டப் பாடசாலையின் கணித ஆசிரியருக்கு இரண்டாம் தவணை நடுவில் இடமாற்றம் கிடைத்த விஷயம் உங்களுக்குத் தெரியும். கடிதம் உங்கள் அலுவலகத்திலிருந்துதான் வந்தது. அவர் மீது எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. வயதான தாயை ஊரில் விட்டுவிட்டு, கூரை ஒழுகுகிற ஆசிரியர் விடுதியில் வருடக்கணக்காக இருந்தார். ஊருக்குப் போய் நன்றாக இருக்கட்டும். ஆனால் பதினோராம் தரப் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகிற நேரத்தில், பதிலுக்கு ஒருவர் வந்து சேருமுன் அவரை ஏன் விடுவித்தீர்கள்? விஞ்ஞானத்துக்கு ஏற்கெனவே ஆள் இல்லை என்பதும் உங்கள் கோப்பில் இருக்கிறதே.

பாடசாலை அபிவிருத்திக் குழுக் கூட்டத்துக்குப் போன அன்று அந்த வகுப்புப் பக்கம் எட்டிப் பார்த்தேன். கணிதப் பாடவேளை. தமிழ் படிப்பிக்கிற டீச்சர் சத்தம் வராமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாணவி கடந்தகால வினாத்தாள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வட்ட நாற்பக்கல் கணக்கு ஒன்றின் விடையைக் கரும்பலகையில் எழுதினாள். மற்றவர்கள் அதைக் கொப்பியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கோணமும் அந்தக் கோணமும் எப்படிச் சமமாகும் என்று பின் வரிசை வாங்கிலிருந்து ஒரு பையன் கேட்டான். அவள் புத்தகத்தை ஒருமுறை பார்த்தாள். "புக்குல அப்புடித்தான் போட்டிருக்கு" என்றாள். அவன் சரி என்று எழுதிக்கொண்டான். டீச்சர் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அவர் ஏன் குனிய வேண்டும் ஐயா? அவர் தன் பாடவேளையும் எடுத்துவிட்டு, ஆளில்லாத இன்னொரு பாடத்துக்கும் காவல் இருக்கிறார்.

டியூஷனுக்கு அனுப்பலாமே என்கிறார்கள். கணித வகுப்பு நடப்பது டவுனில். வகுப்பு முடிகிற நேரத்துக்குத் தோட்டத்துக்கு பஸ் இல்லை, ஆட்டோதான் பிடிக்க வேண்டும். கொழுந்து பறிக்கிறவர்களின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல்தான் 1,350 ரூபாய் ஆனது. அந்த மாதிரிச் சம்பளத்தில் அரிசி, மண்ணெண்ணெய், கடைக்கடன் போக இரண்டு பாடத்துக்கு டியூஷன் காசும் ஆட்டோ காசும் எங்கிருந்து எடுப்பது? அரசாங்கம் இலவசமாகத் தருகிற கல்வியைத்தானே கேட்கிறோம்.

சாதாரண தரத்தில் கணிதம் போனால் உயர்தரத்துக்கான கதவும் பெரும்பாலும் சாத்திக்கொள்கிறது. தப்பித் தவறி நல்ல பெறுபேறு எடுக்கிற பிள்ளைக்கும் அடுத்த சுவர் நிற்கிறது. எங்களுடையது 1சி பாடசாலை. கலையும் வர்த்தகமும்தான் இருக்கிறது, விஞ்ஞானப் பிரிவு இல்லை. விஞ்ஞானப் பிரிவும் உள்ள 1ஏபி பாடசாலையைத் தேடி டவுனுக்குப் போய்த் தங்கிப் படிக்க வசதியில்லாத பிள்ளை, உயிரியலில் ஆசை இருந்தாலும் கலைப் பிரிவில் உட்காருகிறது. பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு 5 வீதம் ஒதுக்கியிருக்கிறார்கள். நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் இப்படி இடம் ஒதுக்கி என்ன பயன்? அதற்கான உயர்தரப் பரீட்சையை எழுதும் இடத்துக்கே எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் வந்து சேருவதில்லையே.

ஆசிரியர் பற்றாக்குறை நாடு முழுக்க இருக்கிறது என்பீர்கள். தெரியும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சம்பளமற்ற விடுமுறையில் ஐந்து ஆண்டு வரை வெளிநாடு போக அரச ஊழியர்களுக்கு வழி திறந்தது. 60 வயதில் ஓய்வு என்பதும் கட்டாயமானது. டவுன் பாடசாலைகளிலும் ஆள் குறைந்தது உண்மை. ஆனால் அந்தக் குறையை நிரப்ப ஒவ்வொரு முறையும் அதிகஷ்டப் பிரதேசத்தில் இருக்கிற ஒரே ஒருவரை எடுப்பது எந்த நியாயம்?

இங்கே யார் வந்தாலும் முதல் நியமனத்துக்கு வருகிறார்கள், காலம் முடிந்ததும் ஊருக்குப் போகிறார்கள். இந்த மண்ணில் பிறந்தவர்களே படிப்பிக்க வந்தால்தான் நிலைக்கும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியை ஜெர்மன் உதவியோடு மலையகத்தில் கட்டியதே அதற்காகத்தான். அப்புறம் என்ன? உயர்தரத்தில் கணிதமோ விஞ்ஞானமோ படித்தவர்தான் அந்தப் பாடங்களுக்கு ஆசிரியப் பயிற்சி பெற முடியும். அந்தப் பிரிவே இல்லாத தோட்டத்திலிருந்து யார் போவது? ஆசிரியர் உதவியாளர் என்ற பெயரில் எங்கள் பிள்ளைகளை ஒருமுறை எடுத்தீர்கள், மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவுக்கு. அதில் எங்கள் பாடசாலைக்கு வந்தவர்கள் நல்ல பிள்ளைகள், உழைப்பாளிகள். ஆனால் எல்லோரும் கலைப் பிரிவில் படித்தவர்கள். இன்று விஞ்ஞானப் பிரிவு தொடங்காவிட்டால் பத்து வருடம் கழித்தும் இதே வெற்றிடத்துக்கு இதே கடிதத்தை வேறு யாராவது எழுத வேண்டிவரும்.

2023இல், எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து இந்த மலைத் தோட்டங்களுக்கு வந்து 200 ஆண்டு ஆனதற்காக, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். மேடைக்கு மேடை அரசியல்வாதிகள் எங்கள் முன்னோரின் வியர்வையைப் பற்றிப் பேசினார்கள். அந்த முன்னோரின் பேரப்பிள்ளைகள் படிக்கிற வகுப்புக்கு ஒரு கணித ஆசிரியரை அனுப்ப அவர்களில் ஒருவரும் முன்வரவில்லை. சுவரில் ஸ்மார்ட் போர்டு மாட்டித் திறப்புவிழா நடத்த மட்டும் வருகிறார்கள். பாடம் நடத்த ஆள் இல்லாமல் அந்தப் போர்டு துணி போர்த்திக் கிடக்கிறது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவுக்கும் நீங்கள் ஒருவர் பொறுப்பில்லை என்று தெரியும். உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறோம். மூன்றாம் தவணை தொடங்குமுன் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் பாடத்துக்கொரு நிரந்தர ஆசிரியரைத் தாருங்கள். இனிமேல் பதிலீடு வந்து வகுப்பைப் பொறுப்பேற்ற பிறகுதான் இந்த இரண்டு பாட ஆசிரியர்களையும் விடுவிப்போம் என்று எழுத்தில் தாருங்கள். வருகிறவர் தங்குவதற்கு விடுதிக் கூரையை நாங்கள் சிரமதானத்தில் மாற்றிக் கொடுக்கிறோம். தகரம் வாங்கப் பெற்றோர் காசு சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

தயவுசெய்து பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள் ஐயா. நாளைச் சொன்னால், அரை நாள் சம்பளத்தை விட்டாவது எல்லோரும் வந்து நிற்போம்.

இப்படிக்கு,
பதினோராம் தர மாணவி ஒருவரின் தகப்பன்,
பாடசாலை அபிவிருத்திக் குழு உறுப்பினர்