நாவலைத் திரைக்கதையாக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

காதல் கதைதான், ஆனால் பாதியில் புருஷன் கை நீட்டுகிறான் என்று உன் நாவலைப் பற்றி எழுதியிருந்தாய். எழுத உட்காரும் முன் ‘இட் எண்ட்ஸ் வித் அஸ்’ படத்தை அதன் மூல நாவலோடு சேர்த்துவைத்துப் பார். காலீன் ஹூவரின் நாவல் 2016இல் வந்தது. கிறிஸ்டி ஹால் எழுதி, ஜஸ்டின் பால்டோனி இயக்கி, கணவன் ரைலாகவும் அவரே நடித்த படம் 2024 ஆகஸ்டில் வெளியானது.

நாவலைக் கதாநாயகி லில்லியே சொல்கிறாள். ரைல் சூடான பாத்திரத்தைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொள்கிறான், அவள் சிரிக்கிறாள், அடி விழுகிறது. அது அடிதான் என்று படிப்பவருக்கு அங்கேயே தெரியும். ஆனாலும் அவள் மனசுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால், அவள் மன்னிக்கும்போது நாமும் அரைமனதாக மன்னித்துத் தொலைக்கிறோம். கேமராவுக்கு அந்த உள்மனம் கிடையாது. அடியை நேராகக் காட்டினால் அந்த நொடியே அவனை வெறுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு ‘இவள் ஏன் இன்னும் இங்கேயே இருக்கிறாள்’ என்று அவள்மேல்தான் எரிச்சல் திரும்பும்.

படம் இதை எடிட்டிங்கில் சமாளித்தது. சமையலறைச் சம்பவமும் மாடிப்படிச் சம்பவமும் முதலில் விபத்துபோலக் கலங்கலாக வந்து போகின்றன. அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட வடிவம் அது. நடந்தது என்ன என்று அவள் ஒப்புக்கொள்ளும் இடத்தில் அதே சம்பவங்கள் உள்ளபடி திரும்ப வருகின்றன. கெட்டிக்காரத்தனமான வழி. நீயும் இப்படிப் போவதானால் இரண்டு வடிவத்தையும் திரைக்கதையிலேயே எழுதிவிடு, எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதே. சம்பவத்தை முழுதாக ஒரே மூச்சில் எடுக்கச் சொல், முதல் வடிவத்தை அதிலிருந்தே வெட்டட்டும். தனித்தனியாக எடுத்தால் கை இருந்த இடம், பாத்திரம் விழுந்த பக்கம், காயம் எல்லாம் மாறிப்போகும். முதல் வடிவத்தில் எதையும் விட்டுவிடலாம். ஆனால் நடக்காத ஒன்றைக் காட்டும் ஷாட் ஒன்றுகூட இருக்கக் கூடாது, இருந்தால் பார்ப்பவர் ஏமாந்ததாகத்தான் நினைப்பார்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ‘அவன் வேண்டுமென்றா செய்தான்?’ என்ற சந்தேகத்தைக் கொஞ்ச நேரம் நாமே வளர்த்துவிடுகிறோம். அதைச் சரிக்கட்ட ஆரம்பத்திலேயே ஒரு தடயம் போட்டுவை. பாஸ்டன் மொட்டைமாடியில் லில்லி அவனை முதன்முதலாகப் பார்க்கும்போதே அவன் நாற்காலியை எட்டி உதைக்கிறான். அடுத்து வரும் சிரிப்பிலும் பேச்சிலும் அது மறந்துபோகிறது. மறக்கட்டும். யார் வாயாலும் அதை ஞாபகப்படுத்தாதே.

ரைல் ஆறு வயதில் விளையாட்டாகத் துப்பாக்கியை எடுத்து அண்ணனைச் சுட்டுவிட்ட பழைய கதை ஒன்று வருகிறது. இந்த மாதிரிக் காட்சி வந்ததுமே இரக்கம் அவன் பக்கம் சாயும். அதை நிமிர்த்த ஆள் வேண்டும், அதுவும் அவன் வீட்டு ஆளாகவே இருந்தால்தான் எடுபடும். அங்கே அவன் தங்கை அலிசா இருக்கிறாள், லில்லிக்கும் அவள் நெருங்கிய தோழி. தங்கையாக நீ அவனை மன்னிக்க வேண்டும் என்றுதான் ஆசை, தோழியாகச் சொல்கிறேன், திரும்பிப் போனால் என்னிடம் பேசாதே என்கிற அர்த்தத்தில் அவள் பேசுவது படத்திலேயே கனமான இடம் என்பேன்.

படம் மெலிந்துபோவது வேறு இடத்தில். அங்கே வன்முறை என்றால் திடீரென்று வெடிக்கும் கோபம். உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979இல் எழுதிய வன்முறைச் சுழற்சியும் (இறுக்கம், வெடிப்பு, பிறகு கொஞ்சல்) ஏறக்குறைய இதே கோடுதான், எல்லா வீட்டுக்கும் அது பொருந்தாது. அமெரிக்காவின் டுலூத் நகரில் 1980களில் பாதிக்கப்பட்ட பெண்களிடம் கேட்டு, வீட்டு வன்முறையை விளக்க வரைந்த சக்கர வரைபடத்தின் நடுவே இருப்பது கோபம் இல்லை, அதிகாரமும் கட்டுப்பாடும். அதனால் சம்பளம் யார் கணக்கில் விழுகிறது, போன் பூட்டு யாருக்குத் தெரியும், அவள் எந்தத் தோழியோடு பேசுவதை நிறுத்தினாள் என்பதையெல்லாம் அடிக்கு முந்திய காட்சிகளிலேயே போகிறபோக்கில் வைத்துவிடு. லில்லிக்குச் சொந்தப் பூக்கடை, துணைக்குத் தோழி, பழைய காதலன் எல்லாம் இருப்பதால் வெளியேறுவது எளிதாகத் தெரிகிறது. நிஜத்தில் பிரியும் நேரம்தான் மிக ஆபத்தானது. பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரி அறையில், கூப்பிட்டால் ஆள் வரும் இடத்தில், அவள் விவாகரத்து கேட்பதாக வைத்தது சரியான முடிவு. உன் கதாநாயகியைப் பூட்டிய வீட்டில் தனியாக நின்று அதைச் சொல்ல வைக்காதே.

படப்பிடிப்புக்கு ஸ்டண்ட் மாஸ்டரோடு, நெருக்கமான காட்சிகளை நடிகர்களின் சம்மதத்தோடு திட்டமிடும் இன்டிமசி கோஆர்டினேட்டரும் வேண்டும். அசைவுகளை முன்கூட்டியே மெதுவேகத்தில் ஒத்திகை பாருங்கள். நடிகை ஒரு சொல் சொன்னால் கேமரா நிற்க வேண்டும். அடிச் சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். அந்தக் காட்சிகளில் பின்னணி இசை வேண்டாம், சோகமாக ஒரு வயலின் வந்தாலும் அடி அழகாகிவிடும்.

விளம்பரத்தையும் ஒப்பந்தத்திலேயே பேசிவிடு. பூவும் உடையுமாகக் கொண்டாட்டமாக விற்றார்கள் என்று அந்தப் படம் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. காதல் படம் என்று நம்பி வருகிறவர்களில் அடிபட்டவளும் இருப்பாள், டிரெய்லரிலேயே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட வேண்டும்.

முதல் முப்பது பக்கம் முடிந்ததும் அனுப்பு. முதல் அடிக் காட்சியின் இரண்டு வடிவமும் அதோடு வரட்டும்.

அன்புடன்,
அம்மா