வண்ணாரப்பேட்டையிலிருந்து தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நைனா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. ஜெர்மனியில் குளிர் ஆரம்பித்துவிட்டதா?

சனிக்கிழமை ராத்திரி நீங்கள் வீடியோ கேம் ஆடிக்கொண்டே பேசிய பேச்சை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கூட்டாகப் பேசிக்கொள்ளும் அந்த டிஸ்கார்டு ஆப்பை என் போனில் போட்டுக் கொடுத்ததே நீதானே. உன் கூட்டாளிகளும் இப்போது என்னை நைனா என்றுதான் கூப்பிடுகிறார்கள். தெருவில் மீன்பாடி வண்டி போனால் போதும், "நைனா, மியூட்டு!" என்று கத்துகிறார்கள். யாழ்ப்பாணத்துத் தம்பி ஆட்டத்தில் உன்னைச் சுட்டுத் தள்ளிவிட்டு, "என்ன அண்ணை, அங்க நெட் படுத்திட்டுதோ?" என்று கேட்டானே, நானும் அம்மாவும் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அப்புறம் காப்பிரைட் பேச்சு வந்தது. பழைய ஆட்டங்களைப் பற்றிக் கேட்ட மதுரைப் பையனை நீ திருடன் என்று சொல்லிவிட்டாய். அவன் ஒன்றும் பேசாமல் கிளம்பிவிட்டான். அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய்.

நிண்டெண்டோ கம்பெனியின் ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் அந்த யுசு எமுலேட்டர் விஷயத்தில் நீ சொன்னது சரி. அதைச் செய்தவர்கள் 2024 மார்ச்சில் நிண்டெண்டோவுக்கு 24 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு கடையை மூடினார்கள். 2023-ல் அவர்களுடைய புது செல்டா ஆட்டம் விற்பனைக்கு வருவதற்கு முன்பே பத்து லட்சம் தடவைக்கு மேல் டவுன்லோடு ஆகிவிட்டது என்பது நிண்டெண்டோவின் புகார். வருஷக்கணக்கில் உழைத்தவன் இன்னும் விற்கவே ஆரம்பிக்காத பொருளை எடுத்தால் அதற்கு நானும் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் எமுலேட்டர் என்றாலே திருட்டு என்றாயே, அது எந்த ஊர் நியாயம்? பிளேஸ்டேஷன் ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருளைச் செய்த கனெக்டிக்ஸ் மேல் சோனி வழக்குப் போட்டது. 2000-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம்தான் பேசியது. (நைனாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று முழிக்காதே. ரீசார்ஜுக்கு இப்போதெல்லாம் யார் கடைக்கு வருகிறார்கள்? உட்கார்ந்து படிக்கத்தான் நேரம்.)

மதுரைப் பையன் கேட்டதே வேறு. கம்பெனியே விற்பதை நிறுத்திவிட்ட பழைய ஆட்டத்தை எங்கே போய் வாங்குவது என்றான். நீ பதில் சொல்லவில்லை, கத்தினாய். 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023-ல் கணக்கெடுத்துச் சொன்னது. அந்த ஊர்ச் சட்டத்தில் கம்பெனிப் படைப்புக்கு வெளியான நாளிலிருந்து 95 வருஷம் உரிமை. 1985-ல் வந்த 'சூப்பர் மாரியோ' ஆட்டம் 2080 முடியும்வரை பூட்டுக்குள். மாரியோவாவது இன்னும் கடையில் கிடைக்கிறது. கிடைக்காததற்கும் அதே பூட்டுதான். காசு கொடுத்து வாங்கியவன் கதையும் தெரியுமே. யுபிசாஃப்ட் கம்பெனி 2024 மார்ச் கடைசியில் சர்வரை நிறுத்தியதும் 'தி க்ரூ' என்ற கார் ஆட்டத்தை வாங்கியவர்கள் எல்லோரும் வெறுங்கையோடு நின்றார்கள்.

நீ பிறப்பதற்கு முன் நம் கடை ரெக்கார்டிங் சென்டர்தான். டைரிக் காகிதத்தில் பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். 60 நிமிஷக் கேசட்டா 90-ஆ என்று கேட்டு, ஏ சைடு கடைசியில் பாட்டு பாதியில் அறுபடாமல் நிமிஷம் கூட்டிப் பார்த்துப் பதிய வேண்டும். கம்பெனி கேசட்டின் முதுகில் இரண்டு சின்னக் கொண்டிகள் உடைந்தே வரும், மேலே யாரும் பதியக்கூடாது என்று. அந்த ஓட்டையில் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டினால் தீர்ந்தது. புதுப் படத்துக் கேசட்டைப் பதியச் சொன்னால், பக்கத்துக் கடையில் ஒரிஜினல் இருக்கிறது, போய் வாங்கிக்கொள் என்பேன். இசைத்தட்டு வருவதே நின்றுபோன பழைய பாட்டு என்றால் இரவெல்லாம் உட்கார்ந்து போட்டுக் கொடுத்திருக்கிறேன். நான் போட்ட கோடு அதுதான். இன்றைக்கும் அதே கோடுதான்.

உனக்கு பர்மா பஜாரில் வாங்கிய டிவி கேமை மறந்துவிட்டாயா? அட்டையில் '9999 இன் 1'. உள்ளே மாரியோ, காண்ட்ரா என்று கொஞ்சம். அதுவே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். அந்தப் பெட்டியே 1983-ல் ஜப்பானில் வந்த நிண்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டியின் காப்பி. அதை அமுக்கி அமுக்கித்தான் நீ இன்று கேம் கம்பெனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாய். அதனால் எல்லாக் காப்பியும் நியாயம் என்று சொல்ல வரவில்லை. நீயும் உன்னைச் சுற்றி இருப்பவர்களும் சம்பளம் வாங்குவது விற்கிற ஆட்டத்தில்தான், தெரியும்.

இதற்கு நம் ஊரில் ஒரு வழி இருக்கிறது. பாரதியார் பாட்டு உரிமையை 1949-ல் அன்றைய சென்னை அரசு வாங்கி, பிறகு எல்லோருக்கும் பொதுவாக்கியது. எழுத்தாளர்களின் வாரிசுகளுக்குப் பணம் கொடுத்து நூல்களை நாட்டுடைமை ஆக்குவது இன்றும் நடக்கிறது. குடும்பத்துக்கும் காசு, படிப்பவனுக்கும் புத்தகம். விற்பனையில் இல்லாமல் தூங்குகிற ஆட்டங்களுக்கும் இப்படி ஏதாவது செய்ய முடியுமா என்று உன் கம்பெனிக்காரர்களிடம் பேசிப் பார்.

மதுரைப் பையனுக்கு நீயே முதலில் மெசேஜ் போடு, சனிக்கிழமைக்குள். நீட்டி முழக்க வேண்டாம். "வாடா, ஒரு மேட்ச் போடலாம்" என்றால் போதும், வந்துவிடுவான். அவன் வாங்கும் சம்பளத்தில் ஒரு புது ஆட்டத்துக்கு நாலாயிரம் ஐயாயிரம் எடுத்து வைப்பது லேசில்லை என்பதையும் மனசில் வைத்துக்கொண்டு பேசு.

அம்மா காசிமேட்டில் வாங்கிய நெத்திலிக் கருவாட்டைக் கட்டி வைத்திருக்கிறாள். அங்கே கஸ்டம்ஸில் விடுவார்களா என்று விசாரித்துச் சொல்.

இப்படிக்கு,
நைனா