செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொதுக்குழு உறுப்பினர்களே, வணக்கம்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் நமது வாசகசாலையும் மாலை வகுப்பும் ஆண்டு முழுவதும் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த அறிக்கை பெரும்பாலும் பணியாளர் பற்றியது. தலைவலி அங்கேதான் இருந்தது.

சம்பளம் பெறுவோர் நான்கு பேர், எல்லோரும் அரைநாள். அலுவலகப் பொறுப்பாளர் நவம்பரில் பொள்ளாச்சிப் பக்கம் முழுநாள் வேலை கிடைத்து விலகினார். அவர்மேல் குறையில்லை, எல்லா வேலையையும் ஒருவர் கையில் விட்டது நம் குறை. வங்கிக் கணக்கின் ஓ.டி.பி. அவரது சொந்த எண்ணுக்கே போய்க்கொண்டிருந்தது. எண்ணை மாற்றத் தீர்மான நகல், நிர்வாகிகள் கையொப்பம், அடையாளச் சான்று எல்லாம் கொடுத்து முடிவதற்குள் இரண்டு மாதச் சம்பளம் காசோலையாகப் போனது. ரசீதுப் புத்தகம் ஒன்றின் அடிக்கட்டையைத் தேடி எடுக்கத் தணிக்கை வரை ஆனது.

இப்போது சங்கத்தின் பெயரில் தனி சிம் வாங்கி, பழைய செல்போனில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை சார்ஜும் ரீசார்ஜும் பார்க்க வேண்டும், இல்லையேல் எண்ணே போய்விடும். விலகுபவர் சாவி, கடவுச்சொல், ரசீது எண்கள், பாதியில் நிற்கும் கடிதங்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அடுத்தவருடன் ஒரு வாரம் உட்கார்ந்து ஒப்படைத்த பிறகே அவரது சம்பளக் கணக்கு முடிக்கப்படும். விலகல் அறிவிப்பு ஒரு மாதம் என்பதைப் பணி ஆணையிலேயே சேர்த்துவிட்டோம்.

மலையாளத்தில் கடிதம் எழுதவும் விலகிய அலுவலகப் பொறுப்பாளர் ஒருவர்தான் இருந்தார். ஆனால் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழர் சிறுபான்மையாக வாழும் பகுதிகளில் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும். நடைமுறையில் மலையாள நகல் ஒன்றை இணைத்தால் கோப்பு சீக்கிரம் நகர்கிறது. அதற்காக இளைஞர் இருவர் பழகி வருகிறார்கள்.

பணியாளர் பத்துப் பேருக்குக் குறைவாக இருப்பதால் பணிக்கொடை, அதாவது விலகும்போது பணிக்காலத்துக்கு ஏற்பத் தரும் தொகை, நமக்குச் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற சட்டத்தின் கணக்கிலேயே ஒதுக்கலாம் என்று செயற்குழு கருதுகிறது. 9,000 ரூபாய் பெறுபவருக்கு 9,000ஐ மாத வேலைநாள் 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 5,192 ரூபாய். மாதம் சுமார் 433. இதைத் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும். பொதுக் கணக்கில் கிடந்தால் கூரை ஒழுகும் மாதம் காணாமல் போகும்.

தன்னார்வலர்களுக்குப் பேருந்துக் கட்டணம் மட்டும், வவுச்சரில். மாதாமாதம் ஒரே தொகை கொடுத்து ‘மதிப்பூதியம்’ என்று எழுதுவதை நிறுத்திவிட்டோம். நேரம் குறித்து வேலை வாங்கினால், எந்தப் பெயரில் கொடுத்தாலும் அது சம்பளம்தான்.

பெண்களுக்கெதிரான பாலியல் தொல்லை தடுப்புச் சட்டம், 2013 தன்னார்வலருக்கும் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைந்த இடத்தில் புகார் மாவட்ட உள்ளூர்க் குழுவுக்குப் போகும். அதன் விவரம் வாசகசாலைக் கதவின் உட்புறம் ஒட்டப்பட்டுள்ளது.

பணிக்கொடை ஒதுக்கீட்டை ஏப்ரல் முதல் கணக்கிட்டுத் தொடங்க பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்