காற்றாடிமலை வரை துணை நின்றவர்களுக்கு நன்றி

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

புனித தேவசகாயம் திருநாளான ஜனவரி 14 அன்று, வடக்கன்குளத்திலிருந்து ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்கு எங்கள் பங்கு இளையோர் சென்ற நடைபயணம் நல்லபடியாக முடிந்தது. பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. வாசிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதலில் பங்குத்தந்தைக்கு நன்றி. தேவசகாயம் குருவோ துறவியோ இல்லை, திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்த குடும்பஸ்தர் என்பதைக் கிளம்பும் முன் அவர் எடுத்துச் சொன்னார். 1745ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றவர், நம்பிக்கையை மறைத்துக்கொண்டு வேலையில் நீடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. எருக்கம்பூ மாலை போட்டு எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். 1752ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள்.

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் எங்கள் தங்கை ஒருத்தி, பொங்கல் வியாபாரம் சூடாக இருக்கும் நேரத்தில், உடம்பு சரியில்லை என்று சொல்லாமல் 'திருப்பயணம் போகிறேன்' என்று சொல்லியே லீவு கேட்டாள். அன்று அவள் பகுதியையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட அக்காமார் இருவரும் கிறிஸ்தவர்கள் இல்லை. 'எங்களுக்காகவும் கும்பிட்டுட்டு வா' என்று அனுப்பி வைத்தார்களாம். கும்பிட்டோம் அக்கா, மறக்கவில்லை.

காவல்கிணறு பக்கம் சுக்குக்காப்பி கொடுத்த டீக்கடை அண்ணாச்சிக்கும் எங்கள் நன்றி. 'யாரைப் பார்க்கப் போறீங்க?' என்று அவர் கேட்க, எங்கள் குழுவிலேயே அதிகம் பேசாத பிளஸ் டூ மாணவி முன்னால் வந்து புனிதரின் கதையை முழுதாகச் சொன்னாள். குரல் நடுங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை. நெற்றி நிறைய திருநீறோடு நின்ற அண்ணாச்சி அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

நான்குவழிச்சாலையைக் கடக்க உதவிய போக்குவரத்துக் காவலர்கள், தண்ணீர் கேன்களோடு பின்னாலேயே வந்த ஆட்டோ அண்ணன், கொப்புளத்துக்கு மருந்து போட்ட அருட்சகோதரிகள், எல்லோருக்கும் நன்றி.

அடுத்தது சாப்பாடு. இதைச் சொல்லாமல் விட முடியாது. எந்தத் தெருவில் சமைப்பது என்பதில் ஏற்பாட்டுக் கூட்டத்திலேயே ஒரு முணுமுணுப்பு எழுந்தது. காரணம் என்னவென்று நம் ஊர்களில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெரியவர்கள் பலர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் அன்பியத்தைச் (பங்கில் பக்கத்து வீட்டார் சேர்ந்த செபக்குழு) சேர்ந்த பாட்டி ஒருவர் எழுந்தார். 'சாதி பார்க்காம எல்லார் கூடவும் பழகினதும் அந்தப் புனிதர் மேல சொன்ன குத்தம்தான். அவரு பேரைச் சொல்லி நடக்கப்போற பிள்ளைகளுக்குச் சோறு பொங்க தெரு பார்ப்பீங்களோ? கடைசித் தெருவில அடுப்பு மூட்டுங்க, நான் வந்து அரிசி களையறேன்' என்றார்.

சொன்னபடியே விடிவதற்கு முன் வந்து உட்கார்ந்தார். அவர் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். காய் நறுக்கியது ஒரு தெரு, தேங்காய் துருவியது இன்னொரு தெரு. மலையடிவாரத்தில் எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிட்டோம். சாதிக்கொரு பக்கமாகப் பிரித்து ஆலயத்துக்குள் எழுப்பிய சுவரை 1910ல் இடித்த ஊர் வடக்கன்குளம். 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் கொடுத்தபோது சாதிப் பட்டத்தை விட்டுவிட்டு தேவசகாயம் என்றே அழைத்தது வத்திக்கான். அவ்வளவு நடந்த பிறகும் ஒரு சாம்பார் வாளியைத் தூக்க நமக்குத் துணிச்சல் தேவைப்படுகிறது. அந்தத் துணிச்சலைத் தந்த பாட்டிக்கு நாங்கள் எப்படி நன்றி சொல்லப் போகிறோம் என்றே தெரியவில்லை. அடுத்த வருடம் கூட்டத்துக்கு அவரையே தலைமை தாங்கக் கேட்டிருக்கிறோம். சரி என்றிருக்கிறார்.

அப்புறம், இரவலாக வந்த பெரிய அண்டாவும் இரண்டு கரண்டிகளும் கழுவி ஆலய அலுவலகத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. ஞாயிறு பூசை முடிந்ததும் உரியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
நடைபயணக் குழு இளையோர்