ஆளில்லாத ஊருன்னு சொன்னாங்களாமே

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது.

தாயி, நேத்து போன்ல நீ அழுதது அப்பாவுக்குத் தெரியாது. நானும் சொல்லல. கூட வேலை பாக்குற பிள்ளைங்க ஏதோ வீடியோவைக் காட்டி, "தனுஷ்கோடியில மனுசனே கிடையாது, பேய் ஊரு"ன்னு பேசினப்போ, நான் அந்த ஊருதான்னு சொல்ல வாய் வரலன்னியே, அதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல. போன்ல பேசினா பாதியில டவர் போயிருது. அதான் எழுதுறேன்.

1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல ஊரு அழிஞ்சது நெசம். பாம்பன்ல இருந்து வந்த ரயிலையே அலை அடிச்சுட்டுப் போச்சு. ஆள் குடியிருக்க லாயக்கில்லாத இடம்னு கவர்மெண்டும் சொல்லிருச்சு. ஆனா உன் அப்பத்தா திரும்பி வந்து குடிசை போட்டுச்சு. ஏன்னு கேட்டா, "மீன் இங்கதானடி இருக்கு"ங்கும். அந்தக் குடிசை மணல்லதான் நீ தவழ்ந்த.

இப்ப தென்மேற்குல இருந்து அடிக்கிற கச்சான் காத்து. தென்கடல்ல இறங்க முடியல, வடகடல் குளமாட்டம் கிடக்கு. முந்தாநாள் விடியக்காலம் அப்பாவோட கரைவலை இழுக்க ரெண்டு பக்கமும் சேத்து இருபது பேரு. வள்ளம் வலையை வளைச்சுப் போட்டுட்டு வந்ததும் கயித்தைப் பிடிச்சாங்க, மீன் சேர்ற வலை மடி கரையேற மூணு மணி நேரமாச்சு. சாளையும் காரலும், நடுவுல ஒத்தைச் சீலா. மதுரையில இருந்து வந்த குடும்பத்துல ஒரு குட்டிப் பொண்ணு, கடைசி வரைக்கும் கயித்தை விடல. அப்பா அதுக்கு ஒரு கை சாளை அள்ளிக் கொடுத்துட்டாரு. "கயித்துல கை வச்ச பிள்ளைக்குப் பங்கு கொடுக்கணும்ல"ன்னாரு.

2017ல நிலம் முடியுற அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு வந்த பிறகுதான் நம்ம மீன் கடையில கூட்டம். உன் படிப்புச் செலவுல பாதி அந்த வறுத்த மீனு. வர்றவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா இடிஞ்ச சர்ச்சுக் கட்டடத்தை அத்தனை படம் எடுக்குறாங்க, தள்ளி இருக்குற குடிசைங்க கண்ணுல படலியே! சாயங்காலம் போலீஸ்காரங்க எல்லாரையும் திருப்பி அனுப்பினதுக்கு அப்புறம் நாம விளக்குப் போட்டு, சோறாக்கி, பிள்ளைங்களைப் படிக்க வைக்கிறது யாருக்குத் தெரியும்?

போன வாரம் ஒரு அம்மா, "தண்ணிக்கு என்ன செய்றீங்க"ன்னு கேட்டாங்க. ஊத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். மணலைக் கையால பறிச்சேன். முதல்ல கலங்கலா ஊறுச்சு, இறைச்சுவிட்டதும் தெளிஞ்சிருச்சு. சிரட்டையில மோந்து கொடுத்தேன். குடிச்சுட்டு அந்தப் பக்கம் கடலைப் பாத்தாங்க, இந்தப் பக்கம் கடலைப் பாத்தாங்க. அப்புறம், "இங்க எத்தனை வீடும்மா இருக்கு"ன்னாங்க. இத்தனை வருசத்துல என்கிட்ட அப்படிக் கேட்ட முத ஆளு. ஒவ்வொரு வீடா கையைக் காட்டி யார் யாருன்னு சொன்னேன். நம்ம வீட்டைக் காட்டி, என் மகள் மெட்ராஸ்ல வேலை பாக்குறான்னும் சொன்னேன்.

லீவுக்கு வரும்போது அந்தப் பிள்ளைங்களையும் கூட்டிட்டு வா. சர்ச்சுகிட்ட பஸ்ஸை விட்டு இறங்கி நீ முன்னால நட. அவங்களும் ஒரு தடவை வலை இழுக்கட்டும். நெத்திலி காயப் போட்டிருக்கேன், ஆளுக்கு ஒரு பொட்டலம் கட்டி வைக்கிறேன்.

உன் அம்மா