தோற்றம் நம் கையில் என்றால்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் ‘ஹெட்லெஸ்’ (தோற்றம் இல்லாமல் நடத்தையை மட்டும் தரும்) நிரல் நூலகங்களைப் பற்றி வந்த கட்டுரை, தோற்றத்தை விருப்பம்போல் அமைக்கும் சுதந்திரத்தைப் பாராட்டியது சரியே. அதனுடன் வரும் பொறுப்பை அது தொடாததால் இதை எழுதுகிறேன்.

‘ரேடிக்ஸ்’, ‘ரியாக்ட் ஏரியா’ போன்ற இந்நூலகங்கள் பொத்தான், பட்டியல் முதலிய திரைக் கூறுகளின் நடத்தையை மட்டும் தந்து, நிறத்தையும் அளவையும் நிரலாளரிடமே விட்டுவிடுகின்றன. அம்புக்குறி விசையால் பட்டியலில் நகர்வது, எஸ்கேப் விசையை அழுத்தினால் உரையாடல் பெட்டி மூடுவது, மூடியதும் ஃபோகஸ் (விசைகள் எந்தக் கூறில் இயங்கும் என்ற நிலை) அதைத் திறந்த பொத்தானுக்கே திரும்புவது ஆகியவற்றைத் தாமே எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த உதவியின் அருமை புரியும்.

ஆனால், அழகாக இல்லை என்று ஃபோகஸ் இருக்கும் இடத்தைக் காட்டும் வளையத்தை, தோற்றத்தை வகுக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் ஒரே வரியில் நீக்கிவிட்டு, மாற்று எதுவும் வைக்காமல் விடுவோர் பலர். (நானும் அவர்களுள் ஒருவனாக இருந்தவன்தான்.) விசைப்பலகையை மட்டுமே நம்பியிருப்பவர், அதன்பின் தாம் திரையில் எங்கே நிற்கிறோம் என்பதை அறியவே முடியாது. பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ‘டிவ்’ (தனக்கென நடத்தை இல்லாத எச்டிஎம்எல் பெட்டி) இட்டால், என்டர் விசையும் ஸ்பேஸ் விசையும் தாமாக இயங்குவதில்லை.

இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2023 அக்டோபரில் வெளியிட்ட அணுகல்தன்மை வழிகாட்டியின் 2.2 பதிப்பு, அதன் மூன்று நிலைகளில் நடுவிலுள்ள ‘ஏஏ’ நிலையில், சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாட்டையும், சில விலக்குகளுடன், சொடுக்கும் இடத்துக்குக் குறைந்தது 24×24 பிக்சல் அளவையும் கேட்கிறது. இவ்விரண்டையும் நூலகம் நமக்காகக் கவனிக்காது. அடுத்த கட்டுரையில் இதற்கும் இடமளிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், இணைய நிரலாளர்